ஹொட்ஜ்கின் நோயும் அதன் போலிகளும்

1832ஆம் ஆண்டிலே, இலண்டன் கைஸ் வைத்தியசாலை நூதனசாலையின் பொறுப்பாளராயிருந்த தோமஸ் ஹொட்ஜ்கின், ஏழு நோயாளர் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். நிணநீர்க் கணுக்களின் பருமன் அவர்களுக்குப் பொதுவாயிருந்தது. பலருக்கு மண்ணீரலும் பருத்திருந்தது. இது வேறோர் அழற்சியின் விளைவன்று, தனியானதொரு நோயே என்பது அவர் துணிபு. லிஸ்டருடன் சேர்ந்து நுணுக்குக்காட்டியால் இழையங்களை ஆராய்ந்து 1827இலேயே எழுதியவர் அவர்; எனினும் இக்கட்டுரை வெறுங்கண் கண்டவற்றையே ஆதாரமாகக் கொண்டது. 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு ஹொட்ஜ்கினின் பெயரையே சூட்டினார்.

வெறுங்கண்ணுக்குப் பருத்த கணுக்கள் யாவும் ஏறத்தாழ ஒன்றே. காசநோயும் கணுக்களைப் பருக்கச் செய்யும். ஏனைய நிணநீர்ப் புற்றுக்களும் அவ்வாறே. 1898இல் கார்ல் ஸ்டேர்ன்பேர்க் இந்நோயிற் காணப்படும் பெருங்கலங்களை விரிவாக விவரித்தபோதிலும், அதனைக் காசநோயின் ஒரு வகையென்றே கருதினார். அக்கருத்தை 1902இல் மறுத்தவர் டொரொதி ரீட் என்னும் பெண் மருத்துவர். இரு கருக்களும் அவற்றுள் பெரிய புன்கருக்களும் கொண்டு ஆந்தை விழிகளை ஒத்துத் தோன்றும் அக்கலம் இருவர் பெயரையும் தாங்கி, நோயின் முத்திரையாக மதிக்கப்படலாயிற்று.

1926இல் ஹேர்பேட் பொக்ஸ், நூதனசாலையில் எஞ்சியிருந்த மூவரின் இழையங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். இருவரிடம் அந்நோய் உறுதியாயிற்று. மூன்றாமவரது நோயோ வேறொரு நிணநீர்ப் புற்று! ஒரு நோயை உலகுக்கு அறிமுகஞ் செய்த எழுவருள்ளேயே அதன் போலியொன்றும் இருந்திருக்கிறது. இதற்காக ஹொட்ஜ்கினைக் குறைகூறுதல் நீதியாகாது. அவர் கையிலிருந்த கருவி கண் ஒன்றே.

நெடுங்காலம் இத்தகைய பிழையால் நோயாளி இழந்தது சொற்பமே. சரியான பெயருக்கும் மருந்து இருக்கவில்லை. 1970இல் டி விற்றாவும் குழுவினரும் நான்கு மருந்துகளின் சேர்க்கையால், முதிர்ந்த நிலையிலிருந்தோரில் நூற்றுக்கு 80 பேரளவில் நோய் முற்றாகத் தணிந்தமையை அறிவித்தனர். நிலைமை மாறிற்று. ஒவ்வொரு புற்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை உருவாக, நோயியலாளரின் ஒரு சொல்லே நோயாளியின் விதியைத் தீர்மானிப்பதாயிற்று.

ஆனால் அம்முத்திரையோ அதற்குள் ஐயத்துக்கிடமாகியிருந்தது. பெரும்பாலும் இளையோரைப் பீடித்துத் தானாகவே மாறிவிடும் சுரப்பிக் காய்ச்சலிலும் அதையொத்த கலங்கள் தோன்றுமென 1969இல் அறியப்பட்டது. அந்த ஒரு கலத்தை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறின், சில வாரங்களிற் குணமாகும் இளைஞனுக்கு நச்சு மருந்தேற்றும் ஆபத்து நேரும்.

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்ட ஒரேவகைப் பிறபொருளெதிரித் தயாரிப்பு முறை புதிய வழியைத் திறந்தது. கலத்தின் வடிவத்துக்குப் பதிலாக, அதன் மேற்பரப்புப் புரதங்களைச் சாயமூட்டி இனங்காண முடிந்தது. 1982இல் பெருங்கலத்தைத் தேர்ந்து பற்றும் கேஐ-1 என்னும் பிறபொருளெதிரி அறிவிக்கப்பட்டது. ஆயினும் 1985இல் ஹரல்ட் ஸ்டைன் குழுவினர் வேறொரு பெருங்கலப் புற்றும் அதனைப் பற்றுவதைக் காட்டினர். ஆகவே தனியொரு சாயத்தை விடுத்து, ஏற்பன எவை, ஏலாதன எவை என்று பல சாயங்களைத் தொகுத்து நோக்கும் முறையே நிலைபெற்றது. பெருங்கலம் பீ வகை நிணநீர்க்குழியத்தின் வழிவந்தது என்பது 1994இல் பரம்பரையலகு ஆய்வால் வெளிப்பட்டபோது, அதன் போலிகள் பல உண்மையில் அதன் உறவினரே என்பதும் தெளிவாயிற்று.

2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, ஹொட்ஜ்கின் புற்றுக்கும் பீ வகைப் பெருங்கலப் புற்றுக்கும் இடைப்பட்டு எப்பக்கமும் சேராதவற்றுக்கெனத் தனி வகுப்பொன்றை ஏற்படுத்தியது.