சிவகாசியில் வெயில்... மேலே மழைக்காடு! அருவிக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சிவகாசி என்றாலே பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், கொளுத்தும் வெயில். 'அந்தப் பக்கம் காடு இருக்கா?' என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. ஆனால், ஊரைத் தாண்டி மேற்கே சுமார் 30 கி.மீ. போனாலே புலிகள் காப்பகத்தின் அடிவாரம் வந்துவிடும். விடுமுறை நாட்களில் அங்கே கூட்டம் அலைமோதுகிறது. காட்டாற்று வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கயிறு கட்டி மீட்கும் காட்சிகளும் அடிக்கடி செய்தியாகின்றன.

வறண்ட ஊருக்குப் பக்கத்தில் மழைக்காடு எப்படி?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கேரளப் பக்கச் சரிவிலும் மலை உச்சியிலும் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் ஈரம் இல்லாமல் இறங்குகிறது. மலையின் மேல்பகுதியில் பசுமைமாறாக் காடு, கீழே மழை மறைவுப் பிரதேசம். விருதுநகர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தக் காய்ந்த காற்றுதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது. மருந்து வெயிலில் காய வேண்டுமே!

ஆக, சிவகாசிக்குக் கிடைக்காத மழைதான் மேலே காடாக நிற்கிறது.

என்ன காடு அது?

1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. 2021 பிப்ரவரியில் தேனி மாவட்டத்தின் மேகமலையோடு சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் 5-வது, நாட்டின் 51-வது புலிகள் காப்பகம். பரப்பு 1,000 சதுர கி.மீ.க்கும் மேல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விருதுநகர் பக்கமிருந்து போகிறவர்கள் பார்ப்பது முழுமையான மழைக்காடு அல்ல. அடிவாரத்தில் முள்புதரும் இலையுதிர் காடும்தான். ஓடைக் கரைகளில் மட்டும் மாமரம், புளியமரம் எனப் பெரிய மரங்கள் கிளையோடு கிளை கோத்து நிற்கும். சாம்பல் நிற அணிலின் வீடு அதுதான். தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவும் பிராணி என்பதால், அந்தக் கிளைப்பாதை அறுந்தால் அதன் பாடு திண்டாட்டம். உச்சியில் இருக்கும் அசல் மழைக்காடு யானை, புலி, சிங்கவால் குரங்கு நடமாடும் இடம். அனுமதி இல்லாமல் அங்கே நுழைவது வனச் சட்டப்படி குற்றம். ரீல்ஸ் எடுக்கப் போனோம் என்ற காரணமெல்லாம் எடுபடாது.

எங்கெல்லாம் போகலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில் செண்பகத்தோப்பு. அங்கே மீன்வெட்டிப்பாறை அருவி, மலைமேல் காட்டழகர் கோயில். ராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனார் கோயில், அருவியோடு. வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள். தாணிப்பாறையிலிருந்து ஏறினால் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயில். அமாவாசை, பௌர்ணமிக்குக் கூட்டம் அதிகம், மலையில் இரவு தங்க முடியாது. எல்லா இடத்துக்கும் வனத்துறை அனுமதிதான் முதல் விஷயம். மழை எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே கேட்டை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க மறப்பவர்கள் குறைவு.

வெள்ளம் ஏன் சொல்லாமல் வருகிறது?

இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும், ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடும். அதே நேரம் மேலே சில கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டிக்கொண்டிருக்கும். சரிவு செங்குத்து, பெரும்பாலும் பாறை. தண்ணீரை உறிஞ்சி நிறுத்த இடம் இல்லை. எனவே, சில நிமிடங்களிலேயே ஓடை ஆறாக மாறிவிடும்.

2015 மே மாதம் சதுரகிரியில் நடந்தது அதுதான். திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். அது பருவமழைக் காலமே இல்லை, கோடை மழை. 'இப்ப சீசன் இல்ல, பயமில்ல' என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த நாள் ஒன்றே போதும். இந்த மலைப்பாதை மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை எனப் பல இடங்களில் நீரோடைகளைக் கடந்துதான் போகிறது.

தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ செல்ஃபியை விட்டுவிட்டு உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலக் கூடாது. முழங்கால் அளவு தண்ணீர்கூட வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். இந்த வெள்ளம் ஏறுவது போலவே பெரும்பாலும் வேகமாக வடியும், எனவே காத்திருப்பதே பாதுகாப்பு. அவசர உதவிக்கு 112. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

வைப்பாற்றுக்கு. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் அர்ச்சுனா நதி போன்ற கிளை ஆறுகளும் சேர்ந்துதான் வைப்பாறு. ராஜபாளையத்தின் குடிநீருக்கே மலையடிவாரத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கம்தான் கைகொடுக்கிறது. வெம்பக்கோட்டையில் அணை, அதன் அருகே 2022-ல் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வு. அங்கே கிடைத்த சங்கு வளையல்கள், இந்த ஆற்றங்கரைக்குக் கடலோடு இருந்த பழைய தொடர்பைக் காட்டுகின்றன. சாத்தூர் அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். 'இரு கங்கைக்குடி' என்பதே இருக்கன்குடி ஆனது என்பார்கள். ஆனால், ஆண்டின் பெரும்பகுதி அந்த 'இரு கங்கை'யும் வெறும் மணல்தான். தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் அக்டோபர் - டிசம்பர் வடகிழக்குப் பருவமழை வர வேண்டும். தீபாவளிப் பட்டாசு விற்பனை சூடுபிடிக்கும் அதே நேரம்!

மலைக்கு அந்தப் பக்கம்?

சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும் கொல்லம் ரயிலில் ஏறினால் வித்தியாசத்தை ஜன்னலிலேயே பார்க்கலாம். செங்கோட்டை தாண்டி, சுரங்கப்பாதையைக் கடந்ததும் காடு அடர்ந்துவிடும். பிறகு தென்மலை, அடுத்து கல்லடையாற்றங்கரையில் இருக்கும் புனலூர். மீட்டர்கேஜ் பாதையை அகலப்படுத்தி 2018-ல்தான் இந்த வழி முழுமையாகத் திறக்கப்பட்டது.

அந்தப் பக்கத்துத் தண்ணீரில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பச் சொல்வதுதான் பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்புத் திட்டம். ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் நீர் என்பது தேசிய நீர்வள மேம்பாட்டு முகமையின் கணக்கு. காடு மூழ்கும், குட்டநாட்டுக்கு நன்னீர் குறையும் என்று கேரளா எதிர்ப்பதால், பல ஆண்டுகளாகத் திட்டம் காகிதத்திலேயே இருக்கிறது.