அவ்வை இல்லமும் பொட்டுக்கட்டு ஒழிப்பும்

பொட்டுக்கட்டு என்பது சிறுமி ஒருத்தியைக் கோயில் இறைவனுக்கு மணம்செய்து கொடுக்கும் சடங்கு. அவ்வாறு அளிக்கப்பட்ட பெண்கள் தேவரடியார், தேவதாசி என அழைக்கப்பட்டனர். சென்னை மாகாணத்தில் இவ்வழக்கம் 1947-ல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதிலிருந்து வெளியேறிய பெண்களுக்குப் புகலிடமான அவ்வை இல்லம், சட்டத்துக்கு 17 ஆண்டுகள் முன்பே, 1930-ல் தொடங்கியது.

பின்னணி

முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை நியமித்ததையும் அவர்களுக்கு வழங்கிய பங்குகளையும் அக்கோயில் கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஆடலும் பாடலும் இவர்களின் மரபில் வளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசர்களின் ஆதரவு குறைந்தபோது பலர் செல்வந்தர்களைச் சார்ந்து வாழ நேர்ந்தது. இறைவனின் மனைவி என்பதால் அப்பெண் நித்திய சுமங்கலி எனப்பட்டாள். பிறர் வீட்டுத் திருமணங்களில் அவள் வருகை மங்கலமாகக் கருதப்பட்டது. அவளுக்கென ஒரு திருமணம் மறுக்கப்பட்டது. விவரம் அறியும் வயதுக்கு முன்பே அவளுக்காகப் பிறர் எடுத்த முடிவு அது.

இவ்வழக்கம் நீடித்ததற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. கோயில் ஊழியத்துக்காக அளிக்கப்பட்ட மானிய நிலம் குடும்பத்திடம் தொடர வேண்டுமென்றால், அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண் ஊழியத்துக்கு வரவேண்டும். சிறுமியின் கழுத்தில் ஏறிய பொட்டு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டோடு பிணைந்திருந்தது.

சட்டமும் எதிர்ப்பும்

முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் இம்மரபைச் சேர்ந்தவர். மருத்துவரான முத்துலட்சுமி, 1927-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். அவர் முயற்சியால் 1929-ல் வந்த திருத்தம், மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. ஊழியத்தைக் கைவிட்டாலும் நிலம் குடும்பத்திடமே இருக்கும் என்ற நிலை உருவானது.

சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் மரபின் பெயரால் எதிர்த்தனர். தேவதாசிகளில் ஒரு பகுதியினரும் அரசுக்கு மனு அளித்தனர். தங்கள் குலம் முழுவதையும் இழிதொழிலோடு சேர்த்துப் பேசுவதை அவர்கள் ஏற்கவில்லை. மறுபுறம், தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பொட்டுக்கட்டுக்கு எதிராகப் பேசினார். தாம் கண்ட வாழ்க்கையை ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலில் (1936) எழுதினார்.

அவ்வை இல்லம்

மரபிலிருந்து வெளியேறிய சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் தயங்கின. முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுவே அவ்வை இல்லமாயிற்று. பின்னர் அடையாறில் நிலைபெற்றது. அங்கே வந்தவர்களுக்கு உறைவிடமும் படிப்பும் கைத்தொழிலும் கிடைத்தன. கணவனின் பெயரால் அறியப்படாத, தன் சொல்லால் மதிக்கப்பட்ட ஔவையின் பெயர் அவ்வில்லத்துக்குப் பொருந்தியது.

1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டைச் செல்லாததாக்கியது. ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் திருமணம் செய்துகொள்ளலாம் என உறுதிசெய்தது.

விளைவுகள்

சடங்கு ஒழிந்ததும் அவப்பெயர் உடனே நீங்கவில்லை. சதிராட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் புதிய மேடைகளைப் பெற்றபோது, அதைக் காத்துவந்த குடும்பங்களின் பெண்கள் பலர் ஆட்டத்தைக் கைவிட்டனர். பாலசரஸ்வதி போன்ற சிலரே அம்மரபைப் பெருமையோடு மேடையில் தொடர்ந்தனர். விடுதலை பெற்ற பெண்கள் பலருக்குத் தம் கலை, அந்த விடுதலைக்குக் கொடுத்த விலையாக அமைந்தது.