உயிர் மீண்ட பிறகு: தலைக்காயப் பராமரிப்பின் வரலாறு

தலையில் பலத்த அடிபட்டவரைப் பிழைக்க வைக்கும் மருத்துவம் தென்னிந்தியாவில் வேரூன்றி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனால் பிழைத்தவர் வீடு திரும்பிய பின் அவரை ஆண்டுக்கணக்கில் யார் பொறுப்பேற்றுக் கவனிப்பது என்ற கேள்விக்கு இன்றுவரை உறுதியான விடை அமையவில்லை. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் கரையாம்புத்தூர் போன்ற ஊர்களில்தான் இக்குறை அப்பட்டமாகத் தெரிகிறது.

1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார், 1950-இல் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அப்பணியை ஏற்றார். பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தொடங்கிய புதுச்சேரி மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம், 1964-இல் ஜிப்மர் என்ற பெயரில் நடுவணரசின் பொறுப்புக்கு வந்தது. கரையாம்புத்தூரில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையமே என்பதால், மண்டையோட்டுக்குள் இரத்தம் கட்டியவரை ஜிப்மர் போன்ற அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

அங்கே அவருடைய நிலையை அளக்கப் பயன்படுவது, 1974-இல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் வகுத்த உணர்வுநிலை அளவுகோல். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண் கொண்ட இந்த அளவுகோல், ஆபத்தைக் கணிப்பதில் பெருந்துணையாக இருந்தாலும், வீட்டு வாழ்க்கையை அளப்பதற்காக வகுக்கப்பட்டதன்று. முழு 15 பெற்று வீடு திரும்பியவர் போர்செட்டைப் போட்டுவிட்டு நிறுத்த மறக்கலாம். மடை திருப்பச் சொன்னால் செய்துவிட்டு, சொல்லாதவரை வரப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். சிறு சொல்லுக்கும் பெருங்கோபம் கொள்ளலாம். திட்டமிடுதல், தானாக ஒன்றைத் தொடங்குதல், சினத்தை அடக்குதல் ஆகியவற்றுக்கு அடிப்படையான மூளையின் முன்மடல் பழுதுபடுவதால் வரும் இக்குறைகள் வெளியில் தெரியாதவை என்பதால், ஊரார் இவற்றைச் சோம்பலென்றும் திமிரென்றும் எண்ணிவிடுகின்றனர்.

அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வு மருத்துவத்திலும் வேலூர் ஒரு முன்னோடி. 1954-இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ வல்லுநர் ஹோவர்ட் ரஸ்கிடம் பயின்று திரும்பி, மருத்துவர், இயன்முறையாளர், தொழில்வழிப் பயிற்சியாளர் ஆகியோர் சேர்ந்து இயங்கும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. எனினும் இக்குழுவின் பணி பெரும்பாலும் நிலையத்தின் வளாகத்துக்குள் நிகழ்வது; ஊர் திரும்பியவரின் அன்றாடம் குடும்பத்தின் பொறுப்பாகவே நின்றது.

இந்த இடைவெளியை நிரப்ப மேலைநாடுகளில் உருவானதே ‘கேஸ் மேனேஜ்மென்ட்’ என்னும் பணி: பாதிக்கப்பட்ட ஒருவருக்கெனப் பொறுப்பேற்ற ஒரே பணியாளர், மருந்து, பயிற்சி, வேலை, உதவித்தொகை, வழக்கு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் ஒருங்கிணைத்து நடத்துவது. பிரிட்டனில் 1979-இல் தலைக்காயமுற்றோருக்கான ஹெட்வே அமைப்பும், அமெரிக்காவில் 1980-இல் தேசியத் தலைக்காய அறக்கட்டளையும் தோன்றியதில் பாதிக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியாவிலும் இப்பணிக்கான வித்து முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1946-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் அமர்த்தப்பட்டார். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். ஆயினும் அப்பணியாளரின் பொறுப்பு பெரும்பாலும் மருத்துவமனை வாயிலோடு நின்றுவிட்டது.

சட்டத்திலும் இதே விடுபடல் உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் புறவுலகச் சிந்தனைக் குறைபாடு, மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கையே தன் வரம்புக்குள் கொண்டது. 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் மூளைக்காயம் தனி வகையாக இல்லாததால், கை விளங்காமை, பேச்சிழப்பு என அதன் விளைவுகளைக் கூறு போட்டே சான்றிதழ் பெற வேண்டியுள்ளது. நீதிமன்றங்கள் சற்று முன்னே சென்றன: விபத்தில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் உதவியாளருக்கான செலவையும் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாடு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுவந்தது. ஆனால் அது தமிழ்நாட்டு அரசின் திட்டம், கரையாம்புத்தூரோ புதுச்சேரி ஆட்சிப் பகுதி. சுகாதார நிலையம், உதவித்தொகை வழங்கும் துறை, இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என வேண்டிய அமைப்புகள் தனித்தனியே இருக்கின்றன. அவற்றை ஒரு குடும்பத்துக்காக இணைக்கும் பணியாளர்தான் இல்லை. அந்தப் பொறுப்பை ஆரம்ப சுகாதார நிலைய அளவில் ஒரு பணியிடமாக உருவாக்குவதே, 1949-இல் வேலூரில் தொடங்கிய பணியை நிறைவு செய்யும் அடுத்த படி.