செத்தபின் வந்த அப்பா

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துச் சுவர்களில் பாலகாண்டம் தீட்டப்பட்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு வேலை. அங்கே தசரதன் பிள்ளை வேண்டி யாகம் செய்கிறவன். பக்கத்துத் திருப்புல்லாணி ஐதிகத்திலும் அப்படித்தான். கோயில் பிரசாதம் இன்றும் பாயசம். 1958-ல் வந்த 'சம்பூர்ண ராமாயண'த்தின் நாகையாவோ பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு அழுது சாகிற தசரதன். ஜனங்களின் மனசில் நிற்பவன் இவன்.

இரண்டும் பாதிதான். யுத்த காண்டத்தில் செத்தவன் திரும்பி வருகிறானே, அந்த இடத்தை நாம் சரியாகப் படிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

சூப்பர்மேனின் தந்தை ஜோர்-எல்லும் திரும்பி வருகிறவன். 1938-ன் முதல் காமிக்ஸில் அவன் பெயரில்லாத விஞ்ஞானி. அழிகிற கிரகத்திலிருந்து குழந்தையை விண்கலத்தில் ஏற்றிவிடுகிறான், அவ்வளவே. 1978 படத்தில் மார்லன் பிராண்டோவாகிப் பனிமாளிகையில் மகனுக்குப் பாடம் சொல்கிறான். சேமித்து வைத்த குரல். மகன் சொல்லி அது மாறப்போவதில்லை.

கம்பனின் தசரதன் வரம் கேள் என்கிறான். கைகேயியைத் தாயாகவும் பரதனைத் தம்பியாகவும் திருப்பிக் கேட்கிறான் இராமன். பரதன் சரி, அந்தப் பாவி மேல் கோபம் போகாது என்கிறான் கிழவன். அரசை ஏற்க நினைத்த என் பிழைதான், அவள் பிழை இல்லை என்கிறான் மகன். அப்பன் இறங்கி வருகிறான்.

என் அப்பாவுடன் கடைசி இரண்டு வருஷம் நான் பேசவில்லை. போன ஆடி அமாவாசையில் அக்னி தீர்த்தத்தில் எள்ளும் நீரும் இறைத்தேன். பின்னால் கூட்டம்; புரோகிதருக்கு அவசரம். பிழை யாருடையது என்று சொல்லத்தான் போயிருந்தேன். கோத்திரம் கேட்டார். சொல்லிவிட்டு வந்தேன்.