நாணயத்தில் ஏறிய கப்பலும் ஏறாத கப்பலும்

தென்னாப்பிரிக்க அரசு 1952ஆம் ஆண்டு ஐந்து ஷில்லிங் நாணயமொன்றை வெளியிட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் யான் வான் ரிபீக், 1652 ஏப்ரல் 6ஆம் நாள் நன்னம்பிக்கை முனையில் வந்திறங்கி நிறுவிய குடியேற்றத்தின் முந்நூறாம் ஆண்டு நினைவு அது. 28 கிராமுக்குச் சற்றே மிகுந்த எடை. அதில் சரிபாதி வெள்ளி. ஒருபுறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம் மேசை மலையின் முன்னே பாய்மரக் கப்பல்.

நாணயம் பொறிக்கும் உரிமை ஆள்வோருக்குரியது. ஆதலால், ஒரு நாட்டின் வரலாறு எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் அவர்களே அதில் பொறித்துவிடுகின்றனர். அந்தக் கப்பல் வருமுன்பே அக்கரையில் கால்நடை மேய்த்து வாழ்ந்த கோய்கோய் மக்களுக்கு இந்த வெள்ளி வட்டத்தில் இடமில்லை. வங்காளம், சோழமண்டலக் கரை, மலபார், கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோருக்கும் இடமில்லை.

1694ஆம் ஆண்டு வேறொரு கப்பல் அதே முனைக்கு வந்தது. அதன் பெயர் வூட்பூக். பாண்டன் சுல்தானகத்தில் டச்சுக்காரரை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்டு, இலங்கையில் பத்தாண்டுகள் சிறைவாசம் கண்ட மக்காசர் ஷெய்கு யூசுப் (ரஹ்) அவர்கள், குடும்பத்தாரும் சீடருமாக 49 பேருடன் அதில் வந்திறங்கினார்கள். இலங்கையில் இருந்தபோதும் அவர்களின் எழுதுகோல் ஓயவில்லை. நகருக்கு வெளியே சாண்ட்விலீட் பண்ணையில் கம்பெனி அவர்களைத் தனிமைப்படுத்தியது. ஆனால் அப்பண்ணையே அடிமைகளும் நாடுகடத்தப்பட்டோரும் தீன் பயிலும் இடமாயிற்று. 1699இல் அவர்கள் மறைந்தார்கள்.

இஸ்லாத்தைப் பகிரங்கமாகப் பின்பற்றத் தடை நிலவிய காலம் அது. வழிபாட்டுரிமை சட்டமானது 1804இல்தான். அதற்குள், 1780இல் ராபன் தீவில் சிறைவைக்கப்பட்ட திதோர் தீவின் துவான் குரு, திருக்குர்ஆனைத் தம் நினைவிலிருந்தே எழுதி முடித்திருந்தார். விடுதலைக்குப்பின் கேப் டவுனில் மத்ரஸாவும் அமைத்தார்.

முந்நூறாண்டு விழா நாளான 1952 ஏப்ரல் 6ஆம் நாளையே ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸும் இந்தியக் காங்கிரஸும் எதிர்ப்பு நாளாகத் தேர்ந்தன. ஜூன் 26இல் தொடங்கிய சட்டமறுப்பு இயக்கத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். டாக்டர் யூசுப் தாதூ அதன் தலைவர்களுள் ஒருவர். அரசோ, நாடு குடியரசான அதே 1961இல், நாணயத்தில் அரசியின் தலை இருந்த இடத்தில் ரிபீக்கின் தலையைப் பொறித்தது.

நிறவெறி ஆட்சி 1994இல் முடிவுற்றது. 2005இல் தென்னாப்பிரிக்கா ஷெய்கு யூசுப் அவர்களுக்கு ஆலிவர் தாம்போ பெயரிலான உயர்விருதை வழங்கியது. அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளும் அவர்களின் நினைவைக் காத்தது எந்த அரசின் அச்சாலையுமன்று. அடக்கத்தலத்தை நாடிவந்த எளிய மக்களே.