வீட்டு வைஃபை
வீட்டு வைஃபை என்பது ஃபைபர் அல்லது கேபிள் வழியே வரும் இணையத்தை, ரூட்டர் மூலம் ரேடியோ அலைகளாக வீட்டுக்குள் பகிரும் கம்பியில்லா வலையமைப்பு. இதற்கு அடிப்படையான 802.11 தரநிலை 1997இல் வெளியானது. அப்போதைய உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட்.

இது 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும். ஆனால் நெரிசல் மிகுந்தது. இந்த அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்பில் அத்தனை ரூட்டர்களும் இவற்றையே பங்குபோட வேண்டியுள்ளது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், அது ஓடும்போது பக்கத்து அறையில் வீடியோ திக்கித் திணறக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரில் சீக்கிரம் வலுவிழக்கும்.

சிக்னல் குறைவுக்குப் பெரும்பாலும் ரூட்டர் இருக்கும் இடமே காரணம். கேபிள் நுழையும் மூலையிலேயே, இரும்பு பீரோவுக்கோ நிலைக்கண்ணாடிக்கோ பின்னால் அதை மாட்டிவிடுகிறார்கள். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே முதலில் செய்யத்தக்கது.

பெரிய வீடுகளுக்கு, பல கருவிகள் சேர்ந்து ஒரே வலையமைப்பாக இயங்கும் மெஷ் முறை ஏற்றது. சிக்னலை நீட்டிக்கும் மலிவான எக்ஸ்டெண்டர், வாங்கும் தரவை அதே சேனலில் மறுபடி அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. மெஷ் கருவிகளை ஈதர்நெட் கம்பியால் இணைத்தால் இந்த இழப்பு இல்லை.