குழிக்குள் இறங்கிய குழாய்

போன மாதம் எங்கள் ராயபுரம் வீட்டு வாசல் குழாயை மாற்ற பிளம்பர் வந்தார். பைப் ரென்ச்சைப் போட்டு ஒரு திருகு. குழாய் வரவில்லை. ஜி.ஐ. பைப்பின் மரைதான் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ‘உப்புக் காத்து, உப்புத் தண்ணி. இரும்பு என்ன சார் பண்ணும்?’ என்றார்.

நியாயம்தான். என் கவனம் குழாய் இருந்த இடத்துக்குப் போனது. தரைக்கு ஓரடி கீழே, ஒரு சிமென்ட் குழி! தாத்தா காலத்தில் இடுப்பு உயரத்தில் இருந்ததாம். ஏன் இறங்கியது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம்.

1772. கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் குடிநீர் வேண்டும். கோட்டைக்கு வடக்கே, ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கிணறுகள் தோண்டினார்கள். இன்றைக்கும் அந்த இடத்துக்குப் பெயர் ஏழு கிணறு. தண்ணீர் என்னவோ கோட்டைக்குப் போயிற்று!

ஊருக்குத் தண்ணீர் வந்தது நூறு வருடம் கழித்து, 1872-ல். செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த வாய்க்கால். அங்கிருந்து மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும். வடிகட்டுவதெல்லாம் கிடையாது. வடிகட்டும் நிலையமும் பம்பும் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1914-ல்தான்.

அப்புறம் ஊர் பெருத்தது, குழாயில் அழுத்தம் குறைந்தது. தண்ணீர் மேலே ஏறாவிட்டால் என்ன, நாம் கீழே இறங்குவோம் என்று ஜனங்கள் குழி தோண்டினார்கள். அதுவும் போதாமல் அடிபம்பு. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சப்ளை நிற்கும்போது பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகும். குழாய் சரியாக மூடாமல், குழியில் மழைநீரோ சாக்கடையோ தேங்கியிருந்தால், அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை அதுதான் குடத்துக்கு வரும்.

நிலத்தடி நீரை நம்பலாமா? மீஞ்சூர்ப் பக்கம் ஊருக்கும் ஆலைகளுக்கும் உறிஞ்சிய உறிஞ்சில் கடல் உள்ளே வந்துவிட்டது. கடைசியில் 2010-ல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. கடலை விரட்ட முடியாதவர்கள் கடலையே குடிக்க ஆரம்பித்தோம்!

‘குழியிலயே வச்சிரவா சார், மேல ஏத்திரவா?’ பிளம்பர் கேட்டார்.

‘ஏத்துங்க’ என்றேன், வரலாற்றை மாற்றுகிற மிதப்பில்.

மறுநாள் விடிகாலை தண்ணீர் வந்தது. நூல் மாதிரி. ஒரு குடம் நிரம்ப இருபது நிமிடம். ‘குழியிலயே விட்டிருக்கலாமே தம்பி’ என்றார் பக்கத்து வீட்டு அம்மா, தன் வீட்டுக் குழிக்குள் குனிந்தபடி.

உங்கள் வீட்டு வாசல் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்.